லாகோஸ் எல்லைக்கு அப்பால்: மோவே நாட்குறிப்பு

நவம்பர் 1, 2024, வெள்ளி

பெர்கர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிச் சற்று தூரம் போனால் நைஜீரியாவின் லாகோஸ் மாநிலம் முடிந்து ஓகுன் மாநிலம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து மோவே என்ற ஊர் 30 கிலோமீட்டர்கூட இல்லை. மாலை 4 மணிக்கு வண்டியில் ஏறிய நாங்கள் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்கினோம்.

என் தம்பி லாகோஸின் இக்கேஜா பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்க வந்த எனக்கு இந்தியர்கள் வாழும் தெருவும் அங்கிருக்கும் சூப்பர் மார்க்கெட்டும் சீக்கிரமே அலுத்துவிட்டன. அவன் அலுவலகக் கணக்காளர் என் சலிப்பைக் கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள் அக்கா, விருந்தாளி வந்தால் அம்மாவுக்குக் கொண்டாட்டம்" என்று அழைத்தார். அவருடைய அம்மா ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. நான் இங்கே டீச்சரம்மா என்றே எழுதுகிறேன்.

நெரிசலுக்குக் காரணம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. மோவேயைத் தாண்டியதும் ரிடெம்ப்ஷன் சிட்டி வருகிறது. 1952-இல் லாகோஸில் சிறிய ஜெபக்கூட்டமாகத் தொடங்கிய ரிடீம்ட் என்ற கிறிஸ்தவ சபை, 1980-களில் இந்த நெடுஞ்சாலை ஓரக் காட்டில் நிலம் வாங்கி எழுப்பிய நகரம் அது. சொந்த மின் நிலையம், வீடுகள், வங்கிக் கிளைகள் எல்லாம் உள்ளே உண்டு. முதல் வெள்ளியன்று இரவு முழுவதும் ஆராதனை நடக்கும். மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருகிறார்கள். எங்கள் முன்னால் நின்ற வண்டியில் பாடிக்கொண்டே இருந்தார்கள். 5 மணி நேரம் நகராத வண்டியில் ஒருவரும் முகம் சுளிக்காததை இப்போதுதான் பார்க்கிறேன்.

வழக்கமாக 800 நைரா கட்டணம், அன்று 1500. அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 20 நைரா. சில்லறை இல்லாததால் கண்டக்டர் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்து ஒரே நோட்டைக் கொடுத்துவிடுகிறார். இறங்கியபின் நாமே மாற்றிப் பிரித்துக்கொள்ள வேண்டும். என் ஜோடியாக வாய்த்த பெண்மணிக்கு வழியில் உள்ள இபாஃபோவிலேயே இறங்க வேண்டும். அவர் ஜன்னல் வழியாக வறுத்த வாழைக்காய்ச் சீவல் விற்ற பையனைக் கூப்பிட்டு, நோட்டை மாற்றி, என் பங்கை என் கையில் வைத்து, ஒரு பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 2, சனி

விடியற்காலை மழை. ஜன்னலைத் திறந்தால் செம்மண் தெரு முழுவதும் ஓடை. டீச்சரம்மா சமையலறையில் அக்காரா பொரித்துக்கொண்டிருந்தார். தோல் நீக்கிய தட்டைப்பயறை வெங்காயமும் காட்டமான உருண்டை மிளகாயும் சேர்த்து அரைத்து, காற்று ஏறும்வரை கரண்டியால் அடித்து, எண்ணெயில் விடுகிறார். சனிக்கிழமை காலை என்றால் இந்தப் பகுதியின் யோருபா இன மக்களின் வீடுகளில் அக்காராவும் சோள மாவுக் கஞ்சியான ஓகியும்தான். உளுந்து வடை சாப்பிட்டு வளர்ந்த எனக்கு முதல் கடியிலேயே ஊர் வந்துவிட்டது. ஆறு சாப்பிட்டேன். டீச்சரம்மா ஏழாவதை வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இந்த வீட்டின் கதை இந்தத் தெருவில் இருக்கும் எல்லா வீட்டின் கதையும்தான். லாகோஸில் வாடகை வீடு வேண்டுமென்றால் ஓராண்டு, சில இடங்களில் ஈராண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். சம்பளக்காரர் எப்படித் தாங்குவார்? டீச்சரம்மாவும் காலமான அவர் கணவரும் கூட்டுறவுக் கடன் வாங்கி இங்கே ஒரு மனை வாங்கினார்கள். ஒரு சம்பளத்தில் சிமென்ட் கல், அடுத்த சம்பளத்தில் கம்பி, போனஸ் வந்தால் கூரைத் தகடு. இரண்டு அறைக்குக் கூரை விழுந்ததுமே, ஜன்னலுக்குப் பலகை அடித்துக் குடிவந்துவிட்டார்கள். மின்சாரம் கிடையாது, பாம்பு உண்டு. மற்ற அறைகள் ஒவ்வொன்றாக, பிள்ளைகள் வளர வளர எழுந்தன. பின்பக்கம் இன்னும் ஓர் அறைக்குக் கூரை இல்லை. அதற்குள் வாழை வைத்திருக்கிறார்.

காலை 10 மணிக்குத் தெருக்காரர்களின் குடியிருப்போர் வளர்ச்சிச் சங்கக் கூட்டம். ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதலில் கிறிஸ்தவ ஜெபம், முடிவில் முஸ்லிம் ஜெபம். விருந்தாளி என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேசப்பட்ட விஷயங்களைக் கேட்கக் கேட்க எனக்கு வியப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இவர்கள் பணம் போட்டு வாங்கியது. மின்கம்பங்களும் இவர்களுடையவை. இரவுக் காவலர்களின் சம்பளம், தெரு வாசலில் இரும்புக் கதவு, பள்ளத்தில் கொட்டும் செம்மண் லாரி, எல்லாமே வீட்டுக்கு வீடு வசூலித்தது. டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திய பிறகு அதை மின் விநியோக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, தங்கள் காசில் வாங்கிய பொருள் வழியாக வரும் மின்சாரத்துக்குப் பில்லும் கட்டுகிறார்கள். நாட்டில் மின் நுகர்வோரை ஏ முதல் இ வரை பிரித்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஏ பிரிவினருக்கு அதிகக் கட்டணத்தில் ஒரு நாளைக்கு 20 மணி நேர மின்சாரம் என்று உறுதி. இந்தத் தெரு அந்தப் பிரிவில் இல்லை.

இன்றைய விவாதம் சாலையின் குறுக்கே ஒரு சிறு பாலம் பற்றியது. சிமென்ட் குழாய் வளையங்கள் வாங்க வேண்டும். ஓர் இளைஞர் எழுந்து, நெடுஞ்சாலைப் பக்கம் வீடு உள்ளவர்கள் இதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டார். கூட்டம் கொதித்தது. வெள்ளைத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் எழுந்ததும் அந்த இளைஞர் அப்படியே குனிந்து, கை தரையைத் தொட மரியாதை செய்துவிட்டு, அதே வேகத்தில் தன் வாதத்தைத் தொடர்ந்தார். மரியாதையும் குறையவில்லை, எதிர்ப்பும் குறையவில்லை. கடைசியில் எல்லோரும் தருவது, தள்ளியிருப்பவர்கள் பாதி தருவது என்று முடிவாயிற்று. நானும் 10,000 நைரா கொடுத்தேன். பொருளாளர் அம்மாள் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

மாலையில் இரண்டு தெரு தள்ளி ஒரு விசேஷம். எண்பது கடந்து இறந்த ஒரு பாட்டிக்கு இறுதிச் சடங்கு விருந்து. நீண்ட ஆயுள் வாழ்ந்து போனவருக்கு இங்கே அழுகை கிடையாது. தெருவை அடைத்துப் பந்தல், பேண்டு வாத்தியம், மகள்கள் மருமகள்கள் எல்லோரும் ஒரே துணியில் தைத்த உடை, தலையில் விறைப்பாகக் கட்டிய கெலே. ஆடுகிறவர்களின் நெற்றியில் நோட்டுகளை ஒட்டுகிறார்கள். சட்டம் இதைத் தடுக்கிறது, ஆனாலும் நடக்கிறது. தக்காளியும் மிளகாயும் சேர்த்த ஜோலோஃப் சோறு, அரைத்த பயறை இலையில் வேகவைத்த மொயின்மொயின், பொரித்த மீன். புறப்படும்போது பாட்டியின் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தந்தார்கள். அறியாத ஊரில், அறியாத பாட்டியின் சாவுக்கு இத்தனை நிறைவாகச் சாப்பிட்டது என் வாழ்க்கையில் முதல் தடவை.

நவம்பர் 3, ஞாயிறு

காலை முதல் ஒலிபெருக்கி. ஒரே தெருவில் மூன்று சபைகள். ஒன்று இன்னும் தகரக் கொட்டகைதான். இந்த நெடுஞ்சாலை நெடுக மதங்களின் முகாம்கள்: இபாஃபோ பக்கம் மவுன்டன் ஆஃப் ஃபயர் சபையின் பிரார்த்தனை நகரம், மோவேயைத் தாண்டி ரிடெம்ப்ஷன் சிட்டி, ஆசெசேயில் நாஸ்ஃபாட் என்ற முஸ்லிம் அமைப்பின் மையம். நாஸ்ஃபாட் தொடங்கியது 1995-இல், லாகோஸில். ஞாயிறு விடுமுறை என்பதால் முஸ்லிம்கள் ஞாயிறு காலையிலேயே கூடித் தொழுது பேசும் பழக்கத்தை அது பரப்பியது. டீச்சரம்மா ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர், அவருடைய அண்ணன் நாஸ்ஃபாட் போகிறவர். இரண்டு பேரும் அவரவர் தொழுகையை முடித்துக்கொண்டு ஒரே மேசையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அண்ணன் ரம்ஜானில் நோன்பு திறக்கும்போது தங்கை சமைத்து அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டிலிருந்து கோழி வரும். யோருபாக் குடும்பங்களில் இது சாதாரணம் என்றார்கள். அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

சாப்பாடு அமலா. காயவைத்த யாம் என்னும் பெருவள்ளிக் கிழங்கு மாவைக் கொதிநீரில் கிளறிய, கரும்பழுப்பு நிறக் களி. மேலே பயறுக் கூழும் கொழகொழப்பான எவேடுக் கீரையும் சிவப்புக் குழம்பும். வலக்கையால் கிள்ளி, தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களி பழகிய கை என்பதால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பெரிதாகச் சிரித்து, "இவர் நம் வீட்டுப் பெண்" என்று அறிவித்தார்.

நவம்பர் 4, திங்கள்

மூன்றரை மணிக்கு ஒரு பெண் மணியடித்துக்கொண்டே தெருவில் வசனம் சொல்லிப் போனார். நான்கு மணிக்கு டீச்சரம்மாவின் மகன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் தயார். 8 மணி அலுவலகத்துக்கு நாலரைக்குப் புறப்பட்டால்தான் முடியும். நானும் நெடுஞ்சாலை வரை கூடப் போனேன். தெருவெங்கும் டார்ச் வெளிச்சம், கைக்குழந்தையை முதுகில் கட்டிய தாய்மார்கள், காலணியைப் பையில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்புடன் நடக்கும் வங்கி ஊழியர்கள். எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் வணக்கம் உண்டு. வேலை செய்கிறவருக்கு ஒன்று, உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, பயணம் வந்தவருக்கு ஒன்று, மழையில் நனைந்தவருக்குக்கூடத் தனியாக ஒன்று. எத்தனை அவசரத்திலும் சின்னவர்கள் முழங்கால் மடக்காமல் பெரியவர்களைக் கடப்பதில்லை.

தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்குக் கேகே எனப்படும் ஆட்டோ. நான் ஏறியது டிவிஎஸ், ஓசூரில் செய்தது. ஓட்டுநரிடம் அது என் மாநிலம் என்றேன். "நல்ல எஞ்சின், ஸ்பிரிங்தான் இந்தச் சாலைக்குப் போதாது" என்று என்னிடமே முறையிட்டார். 300 நைரா. பெட்ரோல் லிட்டர் 1000 நைராவைத் தாண்டிவிட்டது. மானியம் 2023 மே மாத இறுதியில் நீக்கப்படும்வரை 200-க்குக் கீழே இருந்த விலை. இந்த ஊரில் பெட்ரோல் விலை ஏறினால் பஸ் மட்டும் ஏறுவதில்லை, குடிநீரும் ஏறுகிறது. குழாய்த் தண்ணீர் இல்லாததால் ஆழ்துளைக் கிணறு, அதற்கு மோட்டார், மோட்டாருக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல். டீச்சரம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போடுகிறார். போடும்போது கிணறு இல்லாத பக்கத்து வீடுகளின் வாளிகள் வரிசையில் வந்துவிடுகின்றன. காசு கேட்பதில்லை.

பகலில் தூக்கம் வரவில்லை. டீச்சரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே நிலத்தின் கதையைச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஊரிழந்த, யோருபாவில் ஒரு பிரிவினரான எக்பா மக்கள் 1830 வாக்கில் ஒலுமோ பாறையடியில் அபெயோகூட்டா நகரை அமைத்தார்கள். வீடு நகரத்தில், தோட்டம் வெளியே என்பது அவர்கள் வாழ்க்கை. மோவே, இபாஃபோ, ஒஃபாடா வட்டாரக் கிராமங்கள் அப்படி எக்பாக் குடும்பங்கள் பயிர் செய்த இடங்கள். 1978-இல் லாகோஸ்–இபாடான் விரைவுச் சாலை திறந்தபோதும் இங்கே காடும் மரவள்ளியும்தான். அதே ஆண்டு வந்த நில உபயோகச் சட்டம் மாநில நிலத்தையெல்லாம் ஆளுநர் பொறுப்பில் வைத்தது. ஆனாலும் நடைமுறையில் மனை வாங்குகிறவர் நிலக்காரக் குடும்பத்தின் மூத்தவரிடமும் முக்கிய உறுப்பினர்களிடமும்தான் போயாக வேண்டும்.

அங்கேதான் ஓமோ ஓனிலேக்கள் வருகிறார்கள். நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு கும்பலாக நிற்பவர்கள். அடித்தளம் போட ஒரு பணம், கூரை போட ஒரு பணம், வேலி கட்ட ஒரு பணம். கொடுக்காவிட்டால் கொத்தனாரின் மண்வெட்டி பறிபோகும். ஒரே மனையை மூன்று பேருக்கு விற்பதும் உண்டு. தடுக்கச் சட்டங்கள் வந்திருக்கின்றன. ஆனால் சட்டம் லாரியில் ஏறி மனைக்கு வருவதில்லை, கும்பல் வருகிறது. சுவர் சுவராக 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருப்பது ஏன் என்று அப்போது புரிந்தது. உரிமையாளர் வெளியூர் போயிருக்கும்போது வேறு யாரோ வீட்டை விற்றுவிடாமல் இருக்கத்தான். டீச்சரம்மா இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறார். இரண்டாவது தடவை வந்த கும்பலில் அவரிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இருந்தானாம். "தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டான்" என்றார். சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. நான் கீரைக்கட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இந்தத் தெருவில் யார் யார் என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் இக்போ இனத்தவர், சாலை முனையில் கம்பி சிமென்ட் கடை அவருடையது. காவலர்களும் மாலையில் சூயா என்ற மசாலா இறைச்சி சுடும் முதியவரும் ஹௌசா இனத்தவர். டைல்ஸ் பதிக்க பெனின், டோகோ நாடுகளிலிருந்து வந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள், அவர்கள் கை சுத்தம் என்று பெயர். சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. ஆனால் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பேச்சில் அவ்வளவு இடமில்லை என்பதையும் கவனித்தேன். அது எனக்குச் சரியாகப் படவில்லை. டீச்சரம்மாவிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எழுப்புவதாகச் சொன்னார்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒஃபாடாவுக்குப் போனோம். தென்மேற்கு நைஜீரியா முழுவதும் விருந்துகளில் கொண்டாடப்படும் ஒஃபாடா அரிசிக்கு அந்தப் பெயரைக் கொடுத்த சிற்றூர், மோவேயிலிருந்து பிரியும் சாலையில் இருக்கிறது. பங்கு டாக்ஸியில் பின்னால் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர். மழையில் அரித்த பள்ளங்களுக்குள் வண்டி இறங்கி இறங்கி ஏறியது. ஓரிடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. பின்னால் ஒக்காடா எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் வந்த ஓர் இளைஞர் வண்டியை நிறுத்தி, சேற்றுக்குள் முழங்கை வரை கைவிட்டு அதை எடுத்து, தேங்கிய நீரில் அலசி, இரண்டு கையாலும் நீட்டினார்.

சாலையின் இருபுறமும் மனை விளம்பரப் பலகைகள். எல்லைக்கல் நட்ட வெற்றிடங்கள், பாதி எழுந்த சுவர்கள், புதர். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மேட்டு நில நெல். தேங்கிய நீர் வேண்டாம், மழை போதும், வடியும் மண் வேண்டும் என்று வளரும் நெல். ஒஃபாடா அரிசி ஒரே ரகமல்ல, ஆசிய நெல்லும் ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல்லும் கலந்த பழைய ரகங்களின் தொகுப்பு. அரிசி குட்டை, தவிட்டின் செந்நிறக் கீற்று மேலே நிற்கும், கிட்டப் போனாலே வாசனை அடிக்கும். கல் நிறைய இருக்கும். சந்தையில் கோங்கோ என்ற அளவைக் கிண்ணத்தால் அளக்கிறார்கள், ஒரு கோங்கோ 3500 நைரா. விற்ற அம்மாள் குவித்து அளந்துவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். கொசுறு கொடுக்காத வியாபாரி இங்கே பிழைக்க முடியாது போலிருக்கிறது.

அரிசி விற்ற அம்மாளின் மைத்துனர் விவசாயி. வயலுக்கு அழைத்துப் போனார். பக்கத்துத் துண்டு போன ஆண்டு மனையாகிவிட்டது. "நெல் விளைந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை பணம். மனை விற்றால் ஒரே தடவை, ஆனால் மொத்தமாக. என் பிள்ளைகளுக்கு மொத்தம்தான் பிடித்திருக்கிறது" என்றார். லாகோஸ் வாடகையிலிருந்து தப்பி வந்த டீச்சரம்மா பக்கத்தில் நின்றார். அவர் வீடு நிற்கும் இடமும் ஒரு காலத்தில் யாரோ பயிர் செய்த மண்தான். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்படித் திட்டமே இல்லாமல், தெருவுக்கும் வாய்க்காலுக்கும்கூட இடம் விடாமல் வயல்களை அறுத்து விற்கவிட்டு வேடிக்கை பார்ப்பது ஆட்சியாளர்களின் குற்றம் என்றே நான் சொல்வேன். மனைக்கு முன்னால் சாலைக் கோடு போட்டிருந்தால் சனிக்கிழமை அந்தக் கூட்டத்தில் சிமென்ட் வளையத்துக்காக யாரும் சண்டை போட்டிருக்க வேண்டாம்.

பிற்பகலில் வீடு திரும்பினால், நாட்டின் மின்தொகுப்பே விழுந்துவிட்டது என்று வானொலியில் செய்தி. அக்டோபரிலும் சில தடவை இப்படி ஆனது. எங்கள் தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு டீச்சரம்மாவும் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அரிசியில் கல் பொறுக்கினோம். குழம்பு அயமாசே: பச்சைக் குடைமிளகாயும் காரமிளகாயும் கொரகொரவென்று அரைத்தது, புகையக் காய்ச்சிய பனை எண்ணெய், புளிக்கவைத்த மரவிதை, மாட்டு இறைச்சித் துண்டுகள், அவித்த முட்டை. வெந்த சோற்றை அகலமான இலையில் பொதிந்து வைத்துவிடுகிறார்கள், இலை மணம் இறங்கிவிடுகிறது. கண்ணில் நீர் வரும் காரம். இரண்டாவது பொட்டலத்தை நானே கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 6, புதன்

இரவு மழையில் தெருவுக்குள் கேகே வரவில்லை. நாலரை மணிக்கு மகன் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு இக்போக்காரர் ஓடைமேல் போடப் பலகை கொண்டுவந்தார். காவலர் டார்ச் அடித்தார். டீச்சரம்மா ஒரு கோங்கோ ஒஃபாடா அரிசியைத் துணிப்பையில் கட்டித் தந்து, "கல் பொறுக்கியாயிற்று" என்று இரண்டு தடவை சொன்னார்.

பஸ்ஸில் விளக்கு அணைந்ததும் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். பெர்கர் வந்ததும் யாரும் எழுப்பாமலேயே எழுந்து, ரப்பர் செருப்பைக் கழற்றி அலுவலகக் காலணிக்கு மாறினார்கள். 6 மணிகூட ஆகவில்லை. நான் தம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்தவள், போன் சத்தத்தில் எழுந்தேன். டீச்சரம்மா: நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேனா, சாப்பிட்டேனா, தம்பி நலமா. வைத்ததும் அவருடைய அண்ணன். அதற்கடுத்துச் சங்கப் பொருளாளர் அம்மாள், சிமென்ட் வளையங்கள் வெள்ளிக்கிழமை வருகின்றன என்று கணக்கோடு சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.